பத்து நொடிப் பொறுமை

அலுவலகத்தில் அவளுக்குப் பச்சையம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டில் எட்டிப் பார்ப்பதோடு சரி. சிவப்பாகக் கிடக்கிற எதையும் அவள் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பச்சையாகத் திரும்பி வரும் என்பதால் வந்த பட்டம் அது. வைத்தவன் கேலியாகத்தான் வைத்தான். அவளுக்கு அது பிடித்துப் போயிற்று என்பதுதான் வேடிக்கை.

அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறது. எந்தப் படுக்கையில் யார், அவருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு யார் கொடுத்தார்கள், எல்லாம் அதில் பதிவாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் எதையாவது மாற்றி, புது வெளியீடு என்று ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒன்றை மாற்றப்போய் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று கெட்டுப்போகலாம் இல்லையா, அதைக் கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட்டுகள். ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு சின்ன நிரல். ஒரு நர்ஸ் செய்கிற மாதிரியே திரையைத் திறக்கும், நோயாளியின் பெயரைத் தேடும், பட்டனை அழுத்தும், வர வேண்டியது வருகிறதா என்று பார்க்கும். வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு. இப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் டெஸ்ட்டுகள் அவள் பொறுப்பில் இருந்தன.

இதில் ஒரு தொல்லை உண்டு. சிவப்பு என்றாலே மென்பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பட்டனுக்குப் பெயர் மாறியிருக்கும், இடது பக்கம் இருந்த பட்டியலை வலது பக்கம் வைத்திருப்பார்கள். டெஸ்ட், பாவம், வீடு மாறிப்போனவரைப் பழைய விலாசத்தில் தேடிய தபால்காரர் மாதிரி விழித்துக்கொண்டு நிற்கும். அதனால் சிவப்பைப் பார்த்ததும் முதலில் தரம் பிரிக்க வேண்டும்: டெஸ்ட் கோளாறா, செயலிக் கோளாறா. டெஸ்ட் கோளாறு என்றால் அவளே சத்தமில்லாமல் சரிசெய்து விடலாம். செயலிக் கோளாறு என்றால் புகார் எழுத வேண்டும், அந்த நிரலை எழுதிய டெவலப்பர் வருவான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்பான், மீட்டிங் போடுவார்கள், வெளியீடு தள்ளிப்போகும், தள்ளிப்போனதற்குக் காரணம் யார் என்று இன்னொரு மீட்டிங் போடுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதல் வகைதான். அப்படியே பழகிப்போனால் மிச்சம் ஐந்தும் முதல் வகையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வாரம் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

அந்த வாரம் என்பது போன வருஷக் கடைசி. திரைகள் எல்லாவற்றையும் புதுசாக வடிவமைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு சிவப்பு. வெள்ளிக்கிழமை வெளியீடு. மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, நம்ம பச்சையம்மா மேடம் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எல்லாவற்றுக்கும் பரவால்ல என்பார். அவருக்குப் பின்னால் 'பரவால்ல சார்' என்றுதான் பெயர். அடுத்தவன் தலையில் விழுகிற கல்லுக்கும் பரவால்ல சொல்லக்கூடிய மனிதர்.

அவளும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். பெயர் மாறியதைப் பெயர் மாற்றினாள், இடம் மாறியதை இடம் மாற்றினாள். புதன்கிழமை மத்தியானம் ஒவ்வாமை டெஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அது எளிமையான டெஸ்ட். ஒரு குறிப்பிட்ட மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நோயாளி ஒருவர். அவருக்கு அதே மருந்தைத் தேர்ந்தெடுத்தால், 'இவருக்கு இந்த மருந்து ஒவ்வாது, கொடுக்காதீர்கள்' என்று திரைக்கு நடுவில் சிவப்புப் பெட்டி ஒன்று வர வேண்டும். டெஸ்ட் மருந்தைத் தேர்ந்தெடுத்தது, இரண்டு நொடி பார்த்தது, பெட்டி வரவில்லை, சிவப்பாகிவிட்டது. அவள் கையாலேயே செய்து பார்த்தாள். பெட்டி வந்தது. கொஞ்சம் பொறுத்து வந்தது. முன்பெல்லாம் ஒவ்வாமைப் பட்டியல் அந்தந்த ஆஸ்பத்திரி மெஷினிலேயே இருக்கும். இப்போது எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவாக எங்கோ ஒரு மெஷினில் வைத்துவிட்டார்கள். கேள்வி அங்கே போய்ப் பதில் திரும்பி வர ஆறு, ஏழு நொடி ஆயிற்று.

"வருது இல்ல, அப்புறம் என்ன" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையில் இருந்த டீ ஆறிப் போயிருந்தது. பெட்டி வரும்வரை பத்து நொடி காத்திரு என்று அந்த டெஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தாள். ஓட்டிப் பார்த்தாள். பச்சை.

அதே வியாதி இன்னும் அறுபது டெஸ்ட்டில் இருந்தது. ஒவ்வொன்றாகப் போய் அதே வரியை எழுத அவளுக்குப் பொறுமை இல்லை. எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவான கோப்பு ஒன்று உண்டு. எதற்கும் இரண்டு நொடிக்கு மேல் காத்திருக்காதே என்று எந்தக் காலத்திலோ யாரோ அதில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த இரண்டை அழித்துப் பத்து என்று போட்டாள். ஒரே ஓட்டத்தில் அறுபதும் பச்சைக்கு வந்தன. வெள்ளிக்கிழமை வெளியீடு சொன்ன நேரத்தில் போயிற்று.

அதோடு முடியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வெளியீட்டிலும் உடைகிற டெஸ்ட்டுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பரவால்ல சார் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "உடைஞ்சதை ஒட்டறது பெரிசில்ல, உடையாம பாத்துக்கறதுதான் பெரிசு. இவங்ககிட்ட கத்துக்கோங்க" என்றார். கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். அவள் கைதட்டலுக்குக் கூச்சப்பட்டுச் சிரித்தாள். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாயிரம் டெஸ்ட்டுக்கும் ஒரே வரியில் பொறுமை சொல்லிக்கொடுத்தவள் அவள். நிரலுக்கு என்ன வந்தது, அதற்கு வேறு ஜோலி கிடையாது, பத்து நொடி என்றால் பத்து நொடி நிற்கும். இருபத்தெட்டுப் படுக்கைக்கு ஒற்றை ஆளாக நிற்கிற நர்ஸ் நிற்பாளா? அப்படி ஒரு நர்ஸை நினைத்துப் பார்க்கத்தானே சம்பளம் கொடுத்து அவளை வைத்திருந்தார்கள்.

நாலு மாதம் கழித்து அந்தச் செய்தி வந்தது.

இருசக்கர வண்டி ரிப்பேர் செய்கிற ஒருவர், முப்பத்து நாலு வயது. காலில் இரும்பு கிழித்த காயம் சீழ்பிடித்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நர்ஸ் அவருக்கு ஊசி போட்டிருக்கிறாள். அந்த மருந்து அவருக்கு ஆகாது என்று சேர்த்த அன்றைக்கே பதிவு செய்திருக்கிறார்கள். கால்மணி நேரத்தில் மூச்சடைத்து இறந்துபோனார். சிவப்புப் பெட்டி வரவேயில்லை என்றாள் நர்ஸ். எச்சரிக்கை காட்டப்பட்டது என்று மென்பொருளின் பதிவு சொன்னது. நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, அவளுடைய உரிமத்தையே ரத்து செய்வதா என்று விசாரிக்கக் குழு போட்டிருந்தார்கள். ஒவ்வாமை டெஸ்ட் கடைசி எட்டு வெளியீட்டில் என்ன முடிவு காட்டியது என்று அறிக்கை கேட்டிருந்தது குழு. அதைத் தயாரிக்கிற வேலை பச்சையம்மாவுக்கு வந்தது.

எட்டும் பச்சை. அதைத் தாளில் அச்சடித்துக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அவள் ஏனோ அந்த ஊசி போட்ட நாளின் பதிவையும் திறந்து பார்த்தாள். நர்ஸ் மருந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மூன்றாவது நொடியில் 'கொடுக்கலாம்' என்ற பட்டனை அழுத்தியிருக்கிறாள். திரை அடுத்த நோயாளிக்குப் போய்விட்டது. ஏழாவது நொடியில் எச்சரிக்கை வந்திருக்கிறது. வந்து, அந்தப் பக்கத்தில் யாரும் இல்லாததால் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. ஆனால் 'காட்டப்பட்டது' என்று தன் கணக்கில் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறது.

டெஸ்ட்டின் நிரலையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டெஸ்ட் பட்டனை அழுத்துவதே இல்லை, பெட்டி வருகிறவரைக்கும் பத்து நொடியும் கைகட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் புதன்கிழமை அது சிவப்பாகி நின்றதே, அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இது தாமதமாக வருகிறது, ஆபத்து என்று கத்தியிருக்கிறது. அவள் அதன் வாயைப் பொத்தியிருக்கிறாள். எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த டெஸ்ட் பத்து நொடி நிக்கும். அதை வச்சது நான்தான்."

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"பத்து நாளைக்கு முன்னாடியே டெவலப்பர் பையன் பாத்துச் சொல்லிட்டான். பரவால்ல, உக்காருங்க. எச்சரிக்கை வந்துச்சா? வந்துச்சு. பதிவு இருக்கா? இருக்கு. டெஸ்ட் பச்சையா? பச்சை. இதுல ஒண்ணாவது பொய்யின்னு சொல்லுங்க பாப்போம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைக்கக்கூட இல்லை. இலைக்கு நடுவில் எடுத்து வைத்துவிட்டு, பூசணிக்காய் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"அந்தப் பெட்டி இன்னமும் அப்படித்தான் லேட்டா வருதா சார்?"

"போன வாரமே சரி பண்ணியாச்சு. பதில் வர்ற வரைக்கும் இப்ப பட்டன் அமுங்காது."

"ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்னோமா?"

"சொன்னா என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"அந்த நர்ஸுக்கு வேலை போயிரும் சார்."

"அது அவங்க ஆஸ்பத்திரி சமாச்சாரம். உங்க வேலை போகாம நான் பாத்துக்கறேன். விசாரணைக்கு நீங்களும் என்கூட வரணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

அன்பாகத்தான் சொன்னார். மிரட்டுவதையும் அவர் அன்பாகத்தான் செய்வார்.

வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான். கணவர் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்ன ஆரம்பித்ததும் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், விடுதியில் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் கணவர் மேஜைமேல் போர்வையை விரித்து, விசாரணைக்கு அவள் போட்டுக்கொண்டு போக வேண்டிய உடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுருக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் தேய்ப்பார். அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கேட்டா சொல்லு" என்றார் கடைசியில். "கேக்காம நீயா போய் வாயைக் குடுக்காதே. தவளை தன் வாயால கெடும்."

"கேட்டா?"

"கேட்டா பொய் சொல்லாதே. உள்ளதைச் சொல்லிரு. அவ்வளவுதான்."

"அந்தப் பொண்ணு பாவம்ங்க."

"பாவம்தான். நான் இல்லைன்னு சொன்னேனா? எங்க டிப்போவுல பிரேக் சரியில்லைன்னு எழுத்துல குடுத்தவன் ஒருத்தனாவது நல்லபடியா ரிட்டயர் ஆகியிருக்கானா? எழுதிக் குடுத்தவனைத்தான் முதல்ல வண்டியை விட்டு இறக்குவாங்க." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எனக்குப் பயமா இருக்கும்மா. வேற ஒண்ணும் இல்லை."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் விடுவது. யோசிக்க யோசிக்க இது நியாயமான ஏற்பாடாகவே தோன்றியது. மனசாட்சிக்கு இப்படி ஒரு வசதி செய்து கொடுப்பதில் நல்லவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கெட்டவர்களுக்கு அந்தச் சிரமமே இல்லை.

விசாரணை செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. நர்ஸுகளின் உரிமத்தைப் பதிவு செய்கிற அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் நீளமான அறை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைவர், மூக்குக் கண்ணாடி அடிக்கடி நழுவுகிறவர். இந்தப் பக்கம் பரவால்ல சாரும் பச்சையம்மாவும். எதிர்ப் பக்கம் நர்ஸ். முப்பது வயதுதான் இருக்கும். கை நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற இந்த ஒன்றரை மாதத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது. பின்வரிசையில், சுவரோரமாக, இறந்துபோனவரின் மனைவி. மடியில் துணிப்பை, அதற்குள் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். யார் பேசினாலும் பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் பத்து நிமிஷம் வழுக்காமல் பேசினார். பிறகு பச்சையம்மாவின் முறை.

"எச்சரிக்கை வருதான்னு நீங்க சோதிக்கிறதுண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"உண்டு சார்."

"ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாடியும்?"

"ஆமா சார்."

"இந்தச் சம்பவத்துக்கு முன்னாடி எட்டுத் தடவை சோதிச்சதா அறிக்கையில இருக்கு. எட்டுத் தடவையும் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனை நொடியில் வந்தது என்று இப்போது கேட்டுவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. கேளுங்கள், கேளுங்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஏழு நொடி என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு இந்த வேலையில எத்தனை வருஷ அனுபவம்?" என்றார்.

"பத்தொன்பது வருஷம் சார்."

"அப்ப உங்க டெஸ்ட்டை நம்பலாம்."

அது கேள்வி இல்லை. அதனால் அவள் பதில் சொல்லவில்லை.

அடுத்து நர்ஸிடம், கடைசியாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"பெட்டி வரலைன்னு முன்ன எழுதிக் குடுத்திருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன் சார். இத்தனை பேர் சொல்றாங்க, மெஷினும் சொல்லுது. வந்திருக்கும். வேலை அவசரத்துல நான்தான் பாக்காம விட்டிருப்பேன்."

முடிவை எழுத இருபது நிமிஷம் வேண்டும், எல்லோரும் வெளியே இருங்கள் என்றார்கள். மேலாளர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். பச்சையம்மா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்தது. வந்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. நர்ஸ் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் நர்ஸ். குரலில் கோபம் எதுவும் இல்லை. "அந்தப் பெட்டி திரையில நடுவுலதானே வரும்?"

"ஆமா."

"சிவப்பா, ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டு?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப சரிதான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "முதல் ரெண்டு வாரம் வரவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவேன். இப்பல்லாம் கண்ணை மூடினா அது தெரியுது. நடுவுல, சிவப்பா. அதைப் பாத்துட்டே நான் பட்டனை அமுக்கற மாதிரி. எத்தனை தடவை நினைச்சுப் பாத்தாலும் அப்படித்தான் வருது. பாத்துட்டுத்தான் அமுக்கியிருக்கேன் போல. எதுக்கு அப்படிப் பண்ணேன்னுதான் தெரியலை."

பச்சையம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வேலை போவது, கணவர், பெண்ணின் படிப்பு, எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் வாய் திறந்துகொண்டது.

"சிஸ்டர், நீங்க அதைப் பாக்கலை. நீங்க அமுக்கினது மூணாவது நொடி. அது வந்தது ஏழாவது நொடி. அதுக்குள்ள திரை மாறிடுச்சு. உங்க திரையில ஒண்ணுமே வரலை. நீங்க எழுதிக் குடுத்ததுதான் நிஜம்."

நர்ஸ் அவளையே பார்த்தாள்.

"அது லேட்டா வருதுன்னு எங்க டெஸ்ட் அப்பவே காட்டுச்சு. நான்தான் பத்து நொடி காத்திருன்னு மாத்தி எழுதி அதைப் பச்சையாக்கினேன்."

"உள்ள ஏன் சொல்லலை?"

"கேக்கலை" என்றாள் பச்சையம்மா.

மூன்று நாளாக மனசுக்குள் நியாயமாக இருந்த சொல், வெளியே வந்ததும் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவள் காதே அவளுக்குச் சொல்லிற்று. நர்ஸ் கதவைக் காட்டி, "போய்ச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் போனாள். கதவைத் தட்டினாள். தலைவர் பாதி எழுதிய தாளோடு நிமிர்ந்து பார்த்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: முந்நூற்றுப் பன்னிரண்டு, புதன்கிழமை, இரண்டை அழித்துப் பத்து போட்டது, கம்பெனி அதைச் சத்தமில்லாமல் சரிசெய்தது. தலைவர் அவளை மறித்து மறித்து இரண்டு தடவை முதலிலிருந்து சொல்ல வைத்தார். பிறகு வெள்ளைத் தாளை நீட்டி எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினாள். கடைசியில் தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முடிவை ஒத்திவைக்கிறோம், கம்பெனியின் பதிவுகள் முழுவதையும் வரவழைக்க வேண்டும் என்றார் தலைவர். கதவருகில் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்த மேலாளர், "நாளையிலேருந்து ஆபீசுக்கு வர வேண்டாம், மிச்சத்தைத் தபால்ல அனுப்பிடுவாங்க" என்று அவளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். நர்ஸின் முகமாவது கொஞ்சம் தெளிந்திருக்கும் என்று எதிர்பார்த்து வெளியே வந்தாள். நர்ஸ் பெஞ்சில் அந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"மூணாவது வாரம் நான் இவங்க வீட்டுக்குப் போனேன்" என்றாள், பச்சையம்மாவைப் பார்க்காமல். "என்னை மன்னிச்சிருங்கன்னு வாசல்லயே உக்காந்துட்டேன். உள்ள கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுத்தாங்க. அடுத்த வாரம் வான்னாங்க, போனேன். மன்னிச்சுட்டேன்னாங்க. அதை வச்சுத்தான் ராத்திரி படுக்கறேன். இப்ப நீங்க வந்து அந்த மன்னிப்பு எனக்குச் சேர வேண்டியதே இல்லைங்கறீங்க."

மனைவி பையை மடியில் சரிசெய்துகொண்டாள். "இவங்க என்ன சொல்றாங்க சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"அவங்களே சொல்லட்டும்" என்றாள் நர்ஸ்.

பச்சையம்மா நின்றபடியே மறுபடி சொன்னாள். உள்ளே சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு டெஸ்ட், நொடி, வெளியீடு என்று சொன்னால் போதும். இந்தப் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"அந்தப் பெட்டி சீக்கிரமா வந்திருந்தா?"

"வந்திருந்தா சிஸ்டர் ஊசியைப் போட்டிருக்க மாட்டாங்க."

"லேட்டா வருதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். என் கண்ணால பாத்தேன்."

"பாத்துட்டு?"

"வரும்வரைக்கும் காத்திருன்னு எழுதிட்டேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள், புரிந்தது என்பதுபோல. கணவரைப் பற்றியோ, வீட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், திட்டியிருந்தால், பச்சையம்மாவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றாள் பச்சையம்மா.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய்யாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று யோசிப்பது போலிருந்தது.

"ஒரு தடவை மன்னிச்சாச்சுங்க" என்றாள். "சிஸ்டர் வந்து உக்காந்தாங்களே, அன்னிக்கு அது என்கிட்ட இல்லை. அதான் அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னேன். சோறு இறங்காம, யாரையும் பாக்கப் பிடிக்காம, ஒரு வாரமா எங்கெங்கேயோ தேடி எடுத்து வச்சேன். அதை இவங்களுக்குக் குடுத்துட்டேன். இன்னொண்ணு என்கிட்ட இல்லைங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சரக்குத் தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி, கேட்டவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டே சொன்னாள். பிறகு எழுந்தாள். நர்ஸ் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். கொடுத்த மன்னிப்பைத் திருப்பிக் கேட்கப் போகிறாளோ என்ற பயம் நர்ஸின் முகத்தில் இருந்தது. அந்தப் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தாள்.

பச்சையம்மா அவர்களுக்குப் பின்னால் இரண்டு படி இறங்கினாள். அதற்கு மேல் இறங்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.